இணுவிலுக்கு வராத வைத்தியர்

அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. அவரும் எமது கல்லூரியின் பழைய மாணவி. மூன்று தடவை எழுதத் தொடங்கி, மூன்று தடவையும் முதற்பக்கத்திலேயே நிறுத்திவிட்டேன். அவர் மறைந்து ஒன்றரை வருடந்தான் ஆகிறது. மேடையில் யாராவது தன்னைப் புகழத் தொடங்கினால் தேநீர் ஊற்றப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விடுகிற மனுசி அவர். ஆகையால் அவர் எனக்குச் சொல்லித்தந்த இன்னொரு பெண்ணின் வாழ்க்கையை எழுதுகிறேன். அதற்குள் அம்மாவும் வந்து போவார். தடுக்க என்னால் முடியாது.

டொக்டர் மேரி இரட்ணத்தின் பெயரை நான் முதலில் கேட்டது மருத்துவபீட அனுமதிக் கடிதம் வந்த வாரத்தில். அம்மா என்னைச் சைக்கிளில் இணுவிலுக்குக் கூட்டிச் சென்றார். கோயிலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தேன். மக்லியோட் ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்தி, இந்த ஊருக்கு வேலைசெய்ய வந்த ஒரு வைத்தியரை வேலைசெய்ய விடவில்லை என்று சொல்லி, வெயிலில் நின்றபடியே கதையைத் தொடங்கினார்.

மேரி இர்வின் 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எலோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். ரொறன்ரோவில் பெண்களுக்கென இயங்கிய மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் போவதற்குக் கூசுவார்கள். பிரசவம் சிக்கலானால் மருத்துவிச்சியின் கைக்கு மேல் அவர்களுக்கு வேறு கதி இருக்கவில்லை. அப்படிப்பட்ட பெண்களுக்கு வைத்தியம் பார்க்கவென்று யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனுக்காக அவர் தெரிவு செய்யப்பட்டார். புறப்பட்டு வரும் வழியில் நியூயோர்க்கில் எஸ். சி. கே. இரட்ணத்தைச் சந்தித்தார். இரட்ணம் யாழ்ப்பாணத் தமிழர், கிறிஸ்தவர், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர். 1896இல் இருவரும் இந்தியாவில் திருமணம் செய்துகொண்டார்கள்.

மிஷனரிமார் அதிர்ந்துபோனார்கள். தமிழருக்கு ஊழியம் செய்ய அனுப்பப்பட்ட வெள்ளைக்காரப் பெண் ஒரு தமிழரையே மணந்துகொண்டதை அவர்களால் ஏற்க முடியவில்லை. அவருக்கென இருந்த இடம் அவருக்கு மறுக்கப்பட்டது. அம்மா இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இருபது வருடமாகப் பிரசவ அறைகளில் நிற்பவள் நான். படித்த ஒரு பெண் வைத்தியர், கப்பலேறி வந்து சேர்ந்தவர், ஒரு கலியாணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார் என்றால், அதற்கு விலை கொடுத்தது அவரா, இணுவிலில் வலியோடு கிடந்த பெண்களா?

தம்பதியர் கொழும்பில் குடியேறினார்கள். பெண்களுக்கான லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் மேரி சிறிது காலம் பணியாற்றினார். பிறகு சொந்தமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிள்ளைகளும் பிறந்தார்கள். அவரது இடத்தில் நான் இருந்திருந்தால் அத்தோடு அமைதியாக இருந்திருப்பேன். அவரால் அது முடியவில்லை. நோயாளிகளின் வீடுகளுக்குள் போய்வந்ததனால், மருந்துப் போத்தலால் தீராத வருத்தங்கள் எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1904இல் இன, மத பேதமின்றிப் பெண்களைச் சேர்த்த இலங்கைப் பெண்கள் சங்கம், 1909இல் தமிழ்ப் பெண்கள் சங்கம் என்று ஒவ்வொன்றாகத் தொடங்குவதில் முன்னின்றார். கொழும்பில் கலாலயம் போய்ச் சங்கீதம் படித்தவர்கள் இதை வாசிப்பீர்களானால், அது அந்தச் சங்கத்தின் பிள்ளை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்த வேளையில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானபோதும் மேரி அங்கே நின்றார். 1931இல் எங்கள் பாட்டிமார் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்றார்கள். அவர் பிறந்த கனடாவில், கியூபெக் மாகாணப் பெண்கள் தங்கள் மாகாணத் தேர்தலில் வாக்களிக்க 1940 வரை காத்திருந்தார்கள். இதை இங்குள்ள என் சக வைத்தியர்களுக்குச் சொன்னால் நம்புவதேயில்லை.

ஆனால் அம்மாவுக்குப் பிடித்தது இவற்றில் எதுவுமில்லை, 1930இல் தொடங்கிய லங்கா மகிளா சமிதிதான். கனடாவின் கிராமத்துப் பெண்கள் நடத்திவந்த மாதர் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு மேரி அதை அமைத்தார். பிள்ளை வளர்ப்பு, சுத்தம், சத்துணவு, வீட்டுத்தோட்டம், தையல் என்று கிராமத்துப் பெண்கள் கூடியிருந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் இடம் அது. அம்மா எங்கள் வீட்டு விறாந்தையை அப்படித்தான் வைத்திருந்தார். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்தால் எட்டுப் பத்துப் பெண்கள் பாயில் இருப்பார்கள். ஒருத்திக்குத் தையல் மெஷின், இன்னொருத்திக்கு விண்ணப்பப் படிவம், வேறொருத்திக்குப் புருஷனைப் பற்றி அழுவதற்கு ஒரு மூலை. எனக்கென்று வாங்கிவைத்த பாவாடைத் துணி ஒருமுறை வேறொரு பிள்ளையின் மேல் சட்டையாக நடந்துபோனதைக் கண்டேன். ஒரு கிழமை அம்மாவோடு கதைக்கவில்லை. இப்படிப்பட்ட தாய்க்குப் பிள்ளையாக இருப்பது இலேசான காரியமல்ல. மேரியின் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாவாடைத் துணிதான் ஞாபகம் வரும்.

1937இல் மேரி கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அந்தச் சபைக்குத் தெரிவான முதற்பெண் அவரே. தொழில்நுட்பக் காரணமொன்றைக் காட்டி அடுத்த வருடம் பதவியைப் பறித்தார்கள். அதே காலத்தில், குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லைச் சபையில் சொல்லவே கூசிய ஊரில், அதற்கென ஒரு சிகிச்சை நிலையம் தொடங்குவதில் முன்னின்றார். எதிர்ப்புக் கடுமையாக இருந்தது. வருடத்துக்கொரு பிள்ளை பெற்று இரத்தம் வற்றிப்போன தாய்மாரை நேரில் பார்த்த ஒரு வைத்தியருக்கு, எதிர்த்தவர்களின் வாதம் காதில் ஏறியிருக்காது. என் காதிலும் ஏறுவதில்லை. மாணவிகளுக்காகச் சுகாதார நூல்களும் எழுதினார். 1958இல், 85 வயதில், ரமொன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. 1962இல் காலமானார். வேலை மறுக்கப்பட்ட நாட்டில் அறுபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டுப் போனார்.

அம்மா கடைசியாக ரொறன்ரோவுக்கு வந்த கோடையில் அவரை எலோராவுக்குக் கூட்டிப்போனேன். ஒன்றரை மணிநேரக் கார்ப் பயணம். கிராண்ட் ஆறு செங்குத்தான சுண்ணக்கல் பாறைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஊர். நான் பழைய கட்டடங்களைக் காட்டிக்கொண்டிருக்க, அம்மா செருப்பைக் கழற்றி ஒரு கையில் வைத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, எழுபத்து நான்கு வயதில் ஆற்றுக்குள் இறங்கிவிட்டார். ஏற என் கையைப் பிடித்தபோது மற்றக் கையில் ஒரு கல் இருந்தது. அதை இணுவிலில் கொண்டுபோய் வைக்கப்போவதாகச் சொன்னார். புறப்படும் நாளில் பெட்டி நிறை கூடிவிட்டது. நான் வாங்கிக்கொடுத்த குளிர்ச்சட்டையையும் சொக்கிலேற்றுகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கல்லைக் கொண்டுபோனார்.

அவரது அந்தியேட்டி முடிந்த மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு இணுவிலுக்குப் போனேன். ஆஸ்பத்திரி மதிலோரமாக நடந்து தேடினேன். யாழ்ப்பாணமும் சுண்ணக்கல் பூமிதானே. அடியோரமெல்லாம் கல்லாகவே கிடந்தது, எல்லாம் ஒரே நிறம். காவலுக்கு நின்ற ஐயா எதைத் தேடுகிறேன் என்று கேட்டார். அம்மா வைத்த ஒரு கல் என்றேன். அவரும் குனிந்து கொஞ்சநேரம் என்னோடு சேர்ந்து தேடினார்.