உள்ளங்கையில் பாடம் சொன்ன ஆசிரியை

ஹெலன் கெல்லரை அறியாதவர் இரார். அவருக்குக் கல்வி புகட்டிய ஆன் சல்லிவன் அம்மையார் பட்ட பாட்டை அறிந்தவர் சிலரே.

1866-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் ஆன். கண்ணோயால் சிறுவயதிலேயே பார்வை மங்கிற்று. தாய் இறந்தபின் தம்பியோடு ஏழையர் விடுதியில் விடப்பட்டார். தம்பி அங்கேயே இறந்தான். பதினான்கு வயதில் பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறே ஆண்டுகளில் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அறுவைச் சிகிச்சையால் ஓரளவு பார்வையும் வந்தது.

1887 மார்ச் 3-இல் அலபாமாவிலுள்ள ஹெலனின் வீட்டுக்கு வந்தார். ஹெலனுக்கு வயது ஆறு. பார்வையும் இல்லை, செவியும் கேளாது. உணவு மேசையில் எல்லோர் தட்டிலும் கைவிடுவாள், தடுத்தால் அடிப்பாள். பெற்றோர் இரக்கப்பட்டு விட்டுவிட்டனர். அந்த இரக்கத்தோடுதான் ஆசிரியை முதலில் போராட வேண்டியிருந்தது! தோட்டத்துச் சிறு வீட்டில் அவளைத் தனியே வைத்துப் பழக்கினார். ஏப்ரல் 5-இல் குழாயடியில் ஒரு கையில் நீர் விழ, மறு கையில் அதன் பெயரை எழுத்தெழுத்தாக விரலால் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டென்று ஹெலன் அன்றுதான் அறிந்தாள்.

1900-இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். பல நூல்கள் பிரெயிலில் இல்லை. மங்கிய கண்களால் ஆசிரியையே படித்து உள்ளங்கையில் எழுதினார். வகுப்பிலும் அருகிலிருந்து விரிவுரைகளை எழுதினார். தேர்வறையில் மட்டும் அவருக்கு இடமில்லை. 1904-இல் ஹெலன் சிறப்புடன் பட்டம் பெற்றார். ஆசிரியைக்குப் பட்டம் ஏதுமில்லை.

கடைசியில் ஆன் பார்வையை முற்றும் இழந்தார். 1936-இல் மறைந்த அவரது அஸ்தி வாஷிங்டன் பேராலயத்தில் உள்ளது. 1968-இல் மறைந்த ஹெலனின் அஸ்தியும் அங்கேதான் வைக்கப்பட்டது.