எழுத்தைத் தொட்டுப் பார்த்த குழந்தைகள்
மாண்டிசோரி அம்மையாரின் வாழ்க்கை

1907-ஆம் வருஷம். ரோமாபுரியில் ஏழைகள் வாழும் பகுதி சான் லொரென்ஸோ. அங்கே ஒரு குழந்தைகள் இல்லம். ஒரு நாள் சில தாய்மார்கள் அந்த இல்லத்தை நடத்தும் டாக்டர் அம்மாவைத் தேடி வந்தார்கள்.

அவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தங்கள் பிள்ளைகளாவது எழுத்து அறிய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்படி கெஞ்சினார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு வயது நான்கு, ஐந்து. பெரிய பள்ளிக்கூடத்தில் சேர இன்னும் காலம் இருந்தது. ஆறு வயதுக்கு முன் எழுத்துக் கற்பிக்கக் கூடாது என்பது அந்நாளைய எண்ணம். டாக்டர் அம்மாவும் தயங்கினார். ஆனால் தாய்மார்கள் விடவில்லை. கடைசியில் அவர் இணங்கினார்.

எழுத்தறியாத அந்த ஏழைத் தாய்மார்களின் ஆசைதான் பிறகு பல தேசங்களில் குழந்தைகள் எழுத்துக் கற்கும் முறையையே மாற்றியது. அந்த டாக்டர் அம்மாதான் மரியா மாண்டிசோரி.

டாக்டர் ஆன பெண்

மரியா 1870 ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் கியாரவாலே என்ற ஊரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகஸ்தர். தாய் புத்தகங்களில் பிரியம் உள்ளவர். மரியா ஒரே பெண்.

மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோமாபுரிக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு உகந்த வேலை ஆசிரியை வேலை ஒன்றே என்று நினைத்தார்கள். மரியா அதை ஏற்கவில்லை. முதலில் என்ஜினீயர் ஆக எண்ணினார். பிறகு வைத்தியம் படிக்க முடிவு செய்தார்.

தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாய் மகளின் பக்கம் நின்றார்.

வைத்தியக் கல்லூரியில் ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்க்க ஒரு பெண்ணை அனுமதிக்கவில்லை. மற்றவர்கள் போன பிறகு, மாலை வேளையில், மரியா தன்னந்தனியே அந்த வேலையைச் செய்தார். 1896-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்கள் சிலரில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு தேடிய கைகள்

டாக்டர் ஆனதும் அவருடைய வேலை மனநோய் விடுதிகளோடு சேர்ந்தது. அந்த விடுதிகளில் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். விளையாட ஒரு பொருள் கிடையாது. வெறும் சுவர், வெறும் தரை.

சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். காவல் இருந்த பெண்மணி அதைப் பேராசை என்று வெறுத்தாள். மரியாவுக்கு வேறு விதமாகத் தோன்றியது. அவர்களுக்கு இருந்தது வயிற்றுப் பசி அல்ல, கைப் பசி! தொடவும் பிடிக்கவும் உருட்டவும் அவர்களிடம் வேறு எதுவும் இல்லை.

கை வழியாகத்தான் குழந்தையின் அறிவு வளர்கிறது என்று அவர் எண்ணத் தொடங்கினார். இட்டார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியவற்றைத் தேடிப் படித்தார்.

1900-இல் ரோமாபுரியில் இக்குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. மரியா காலை முதல் இரவு வரை அங்கே உழைத்தார். மூளை வளர்ச்சி இல்லை என்று ஒதுக்கப்பட்ட சில பிள்ளைகள், மற்றப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. மரியாவுக்கோ ஒரு கேள்வி பிறந்தது. இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்ய முடியும் என்றால், நல்ல உடலும் அறிவும் உள்ள குழந்தைகள் ஏன் இன்னும் அதிகம் செய்யவில்லை? அவர்களுடைய பள்ளிக்கூடங்களில் என்ன குறை?

தாயின் ரகசியம்

இதே ஆண்டுகளில் மரியாவின் சொந்த வாழ்க்கையில் ஒரு பெரிய துயரம் இருந்தது. 1898-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மாரியோ. தந்தை உடன் வேலை செய்த ஒரு டாக்டர். கலியாணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் வேலையும் போகும், மானமும் போகும் என்ற நிலை.

குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மரியா அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி காட்டியவர், தன் குழந்தை முதல் அடி வைப்பதையும் முதல் சொல் பேசுவதையும் அருகில் இருந்து பார்க்க முடியவில்லை.

உப்புத்தாள் எழுத்துக்கள்

சான் லொரென்ஸோவில் ஒரு கம்பெனி பழைய வீடுகளைப் புதுப்பித்து ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இல்லம் தேவைப்பட்டது. 1907 ஜனவரி 6-ந் தேதி அது திறந்தது. பொறுப்பு மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது.

சுமார் 50 குழந்தைகள். முகத்தில் சிரிப்பு இல்லை, பயம்தான் இருந்தது. அம்மையார் அவர்களுக்கு முதலில் புத்தகம் கொடுக்கவில்லை. பொத்தான் போடவும் நாடா முடியவும் பழக்கினார். கட்டைகளைக் குழிகளில் பொருத்தக் கொடுத்தார். மூக்குச் சிந்துவது எப்படி என்றுகூட ஒரு நாள் செய்து காட்டினார். குழந்தைகள் கை தட்டினார்கள்! மூக்கைத் துடை என்று எல்லாரும் அவர்களைத் திட்டியிருந்தார்கள். எப்படி என்று யாரும் காட்டியதில்லை.

சொற்களைக் கற்பிக்கவும் அவருக்கு ஒரு முறை இருந்தது. அது செகேனிடம் கற்றது. மூன்று படிகள். முதலில் பொருளைக் காட்டிப் பெயர் சொல்வது: இது சிவப்பு, இது நீலம். அடுத்து, சிவப்பு எது, நீலம் எது என்று கேட்டு எடுக்கச் சொல்வது. கடைசியில்தான், இது என்ன என்று கேட்பது. குழந்தை தவறாகச் சொன்னால் திட்டுவதில்லை, திருத்துவதும் இல்லை. அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, வேறொரு நாள் மீண்டும் தொடங்க வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் தாய்மார்கள் எழுத்துக் கேட்டு வந்தார்கள்.

மரத்தில் எழுத்துக்கள் செய்ய முயன்றார், நினைத்தபடி அமையவில்லை. அதனால் உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தை எழுதும் திசையில் விரலால் அதைத் தடவ வேண்டும். தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியைச் சொல்ல வேண்டும். கண் பார்க்கிறது, காது கேட்கிறது, விரல் உணர்கிறது. விரல் வழுக்கினால் சொரசொரப்பு மாறிவிடும். தவறு குழந்தைக்கே தெரிந்துவிடும்.

மணலிலும் அரிசியிலும் விரல் பிடித்து எழுத்துக் கற்ற நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளை இது நினைவூட்டும்.

பென்சில் பிடிக்கக் கைக்குத் தனிப் பயிற்சி. வட்டம், சதுரம் முதலிய வடிவங்களைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே வண்ணம் நிரப்ப வேண்டும். அட்டையில் வெட்டிய எழுத்துக்களை வரிசையாக வைத்துச் சொற்களைச் சேர்ப்பது இன்னொரு பயிற்சி. ஆனால் எழுது என்று யாரும் சொல்லவில்லை.

கூரையில் நடந்த அதிசயம்

டிசம்பர் மாதம். நல்ல வெயில். அம்மையார் குழந்தைகளோடு மொட்டை மாடியில் இருந்தார். அருகே இருந்த ஐந்து வயதுப் பையனிடம் ஒரு சாக்குக் கட்டியைக் கொடுத்து, எதிரே இருந்த புகைபோக்கியைப் படம் போடச் சொன்னார். பையன் தரையில் அழகாகப் போட்டான். அம்மையார் பாராட்டினார்.

பையன் ஒரு கணம் அசையாமல் இருந்தான். திடீரென்று தனக்கு எழுத வருகிறது என்று கூவினான். தரையில் மண்டியிட்டு, கை என்று எழுதினான். புகைபோக்கி என்று எழுதினான். கூரை என்று எழுதினான்!

கூச்சல் கேட்டு மற்றக் குழந்தைகள் ஓடி வந்தார்கள். அவர்களும் சாக்குக் கட்டி கேட்டு வாங்கி எழுதினார்கள். ஒருத்தி அம்மா என்று எழுதினாள். அதற்குமுன் எழுதுவதற்காக அவர்கள் சாக்குக் கட்டியைத் தொட்டதே இல்லை.

அதன்பின் அவர்களைத் தடுக்க முடியவில்லை. தரை, சுவர், கதவு எல்லாம் எழுத்து. வீட்டில் ரொட்டியின் மேல்கூட எழுதினார்கள்! தாய்மார்கள் ரொட்டியைக் காப்பாற்றக் காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் நாலு வயதுக் குழந்தைகள் இருவர், வீட்டுக் கம்பெனித் தலைவருக்கு நன்றி சொல்லி வாழ்த்துக் கடிதம் எழுதினார்கள். பெரிய பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகள் அப்போது கோடும் கொக்கியும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

படிப்பு சில வாரம் கழித்து வந்தது. அம்மையார் பொம்மைகளின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதினார். சீட்டைச் சரியாகப் படித்தால் அந்தப் பொம்மை விளையாடக் கிடைக்கும். குழந்தைகள் படித்தார்கள். ஆனால் பொம்மையை எடுக்கவில்லை. இன்னொரு சீட்டுத்தான் கேட்டார்கள்! படிப்பதே அவர்களுக்கு விளையாட்டாகிவிட்டது.

அடையாற்றில் கிடைத்த பரிசு

1909-இல் அம்மையார் தம் முறையைப் புத்தகமாக எழுதினார். பல மொழிகளில் அது வெளிவந்தது. 1912-இல் அவருடைய தாய் காலமானார். அதற்குப் பிறகுதான் மாரியோ தாயோடு வந்து சேர்ந்தான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. அப்போதும் ஊருக்கு அவன் மருமகன் முறை என்றே சொல்லி வந்தார்கள்.

இத்தாலியில் முஸோலினி முதலில் அம்மையாரின் பள்ளிகளை ஆதரித்தான். பிறகு பகை மூண்டது. 1934-இல் அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் வாழ்ந்தார். 1936-இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதும் ஹாலந்துக்குப் போனார்.

1939-இல் பிரம்ம ஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, அம்மையார் சென்னைக்கு வந்தார். வயது 69. அடையாற்றில் ஓலைக் குடில்களில் வகுப்பு நடந்தது. சுமார் 300 பேர் கற்றார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அதை இங்கிலீஷில் சொல்வார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. இத்தாலியர் என்ற காரணத்தால் பிரிட்டிஷ் சர்க்கார் மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையார் அடையாற்றை விட்டுப் போக முடியவில்லை. முதுமையில் மீண்டும் மகனைப் பிரிந்தார்.

ஆகஸ்டு 31-ந் தேதி அவருடைய எழுபதாவது பிறந்த நாள். வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனையே திருப்பி அனுப்புவதாக அது சொல்லிற்று. நாற்பது ஆண்டுகளாக மறைத்த உறவை ஒரு சர்க்கார் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது!

பிறகு அம்மையார் கொடைக்கானலில் சுமார் இரண்டு ஆண்டு தங்கி, அங்கே குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1949-இல் அவருடைய புகழ் பெற்ற நூல் ஒன்று அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. பிறந்தது முதல் ஆறு வயது வரை குழந்தை சுற்றியுள்ள மொழியை எப்படித் தானே உறிஞ்சிக்கொள்கிறது என்பதை அந்நூல் விளக்குகிறது.

1952 மே 6-ந் தேதி ஹாலந்தில் நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். வயது 81. பின்னாளில் இத்தாலியின் ஆயிரம் லிரா நோட்டில் அவர் படம் அச்சாயிற்று.

பள்ளி திறக்கும் முன்

அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் இன்று எங்கும் உண்டு. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆகவே பலகையைப் பார்த்தால் போதாது. உள்ளே குழந்தையின் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜூன் மாதம் முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கையில் இப்போதே பென்சிலைத் திணித்து, அழ அழ எழுத வைக்கத் தேவையில்லை. பட்டாணி உரிக்கட்டும். சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். சமையற்கட்டில் ம என்ற ஒலியில் தொடங்கும் சாமான்களைத் தேடட்டும்: மஞ்சள், மல்லி, மத்து. தட்டில் மணல் பரப்பி அ என்று விரலால் தடவட்டும். படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு, கதவைச் சாத்து, செம்பை எடு என்று சீட்டு எழுதி வைக்கலாம். அவன் வாயால் சொல்ல வேண்டாம். படித்ததைச் செய்து காட்டினால் போதும்.

சீட்டு எழுதுவது தவிர மற்ற எதற்கும் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. சான் லொரென்ஸோ தாய்மார்களுக்கும் எழுத்துத் தெரியாது. தங்கள் பிள்ளைக்கு எழுத்து வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். பிள்ளை எழுதியபோது, அடிக்காமல் காகிதம் வாங்கிக் கொடுத்தார்கள்.