தாயின் கண்ணீரும் மகனின் அழைத்தலும்



ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை நாடிச் செல்லும் பெரம்பலூர், அரியலூர் இறைமக்களாகிய நாம் வீரமாமுனிவரை நன்கு அறிவோம். அவருக்கு முன்பே அதே மதுரை மறைபரப்புத் தளத்தில் உழைத்தவர் புனித அருளானந்தர்.

1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவர் கடும் நோயுற்றபோது, தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்ததும் இயேசு சபையினரின் அங்கியை ஓராண்டு அணிவித்து நேர்ச்சையை நிறைவேற்றினார்.

அதே மகன் குருவாகி இந்தியாவுக்குப் புறப்படத் துணிந்தபோது, அந்தத் தாயால் தாங்க முடியவில்லை. திருத்தந்தையின் தூதர் வழியாகத் தடுக்க முயன்றார். மகனோ அழைத்தலில் உறுதியாய் நின்று 1673-இல் கப்பலேறினார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைசாட்சியாகத் தலை வெட்டப்பட்டார். செய்தி லிஸ்பனை எட்டியபோது, தாய் துக்க உடையை விடுத்து விழாக்கால உடை உடுத்தி அரசவைக்குச் சென்றார் என்று அவரது வரலாறு கூறுகிறது. தடுத்த தாயே இறுதியில் மகனைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கினார்.

துறவற அழைத்தல், திருமணம், படிப்பு என ஏதோ ஒன்றால் பெற்றோரும் பிள்ளைகளும் பேச்சை நிறுத்திய வீடுகள் நம் பங்குகளிலும் உண்டு. பெற்றோரின் தடை எப்போதும் பகையல்ல; பலவேளைகளில் அது பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே. ஆண்டவர் காட்டும் வழியில் உறுதியாய் நடப்போம்; பெற்றோரையும் வெறுக்காதிருப்போம். அவர்கள் மனம் மாற ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரை நாள்தோறும் அவர்களுக்காகச் செபிப்போம்.

புனித அருளானந்தரே, எங்கள் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.