மேரி மக்லியாட் பெத்தூன் அம்மையார்

உபகாரச் சம்பளம் என்றவுடன் சீமான் ஒருவர் தம் பெயரால் நிறுவிய தருமமும், அதனைப் பரிபாலிக்கும் சபையுமே பலர் நினைவிற்கு வரும். நாம் இங்கு எழுதப் புகுந்த அம்மையாருக்குக் கிட்டிய உபகாரச் சம்பளமோ, தையல் வேலை செய்து ஜீவித்த ஒரு மாது தமது ஊதியத்தில் மிச்சம் பிடித்து அனுப்பிய சிறு தொகையாகும். அத்தொகையைக் கொண்டு ஒரே ஒரு பெண்ணைத்தான் படிப்பிக்க இயலும். அந்த ஒரு பெண் யாரென்பதில் இச்சரித்திரம் தொடங்குகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலினா மாகாணத்தில் மேஸ்வில் என்னும் சிற்றூருக்கு அருகே, 1875ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தையார் சாமுவேல், தாயார் பாட்ஸி. இருவரும் அடிமைகளாய் இருந்து, 1865இல் அடிமைத்தனம் ஒழிந்தபின் சிறிது நிலம் தேடிப் பருத்தி பயிரிட்டு வந்தவர்கள். அவர்களுடைய பதினேழு மக்களுள் மேரி பதினைந்தாமவர். மூத்தோரிற் பலர் அடிமைகளாகவே பிறந்தவர்கள்.

தாயார் துணி வெளுத்துக் கொடுத்து வந்த வெள்ளையர் வீட்டிற்கு மேரி ஒருநாள் உடன் சென்றார். அங்கிருந்த குழந்தையின் புத்தகமொன்றைக் கையிலெடுத்தபோது, படிக்கத் தெரியாத அவருக்கு அது உரியதன்று என்று கூறி அக்குழந்தை அதனை வாங்கி வைத்துவிட்டது. எழுத்தறிவே தம் இனத்தாரையும் வெள்ளையரையும் பிரித்து நிற்பது என்ற எண்ணம் அன்றே தம் உள்ளத்தில் வேரூன்றியதாக அம்மையார் பிற்காலத்தில் பலகாற் கூறியதுண்டு. பின்னர்க் கிறிஸ்தவ மிஷன் ஒன்று மேஸ்விலில் ஓரறைப் பாடசாலை நிறுவ, மேரி பல மைல் நடந்து சென்று பயின்றார். பகலிற் கற்றதை மாலையில் உடன்பிறந்தார்க்குக் கற்பித்தார். அப்பாடசாலைப் படிப்பு முடிந்ததும் மீண்டும் பருத்திக்காடே கதியாயிற்று.

அப்பொழுதுதான், நெடுந்தொலைவிலுள்ள டென்வர் நகரத்தினின்று மேரி கிரிஸ்மன் என்னும் குவேக்கர் மதத்து மாது, கறுப்பினப் பெண்ணொருத்தியின் மேற்படிப்பிற்குத் தாம் பணம் தருவதாக எழுதினார். ஆசிரியை எம்மா வில்ஸன் அம்மையார் தெரிந்தெடுத்த பெயர் மேரியினுடையது. 1888ஆம் ஆண்டில் வட கரோலினாவிலுள்ள ஸ்கோஷியா பெண்கள் கலாசாலைக்கு அவர் புறப்பட்டார்.

அன்று பிற்பகல் அக்கம்பக்கத்துக் குடியானவரெல்லாம் வயல் வேலையை நிறுத்தினர். சிலர் வண்டியிலும் சிலர் கால்நடையாகவும் ரயில் நிலையம் வரையில் வழியனுப்ப வந்தனர். ஒருத்தி காலுறை பின்னிக் கொடுத்தாள். மற்றொருத்தி பழைய உடையைத் திருத்தித் தைத்துக் கொடுத்தாள். கொடையாளியின் பெயரைச் சரித்திர நூல்கள் மறவாது குறிக்கின்றன. காலுறை பின்னியவள் பெயரைக் குறிப்பார் அரியர். எனினும் டென்வர் பணத்தோடு இக்காலுறையையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டுமென்பது நமது துணிபு.

ஸ்கோஷியாவில் வெள்ளை ஆசிரியைகளும் கறுப்பின ஆசிரியைகளும் ஒன்றாகப் பணிபுரிவதை மேரி முதன்முறையாகக் கண்டார். 1894இல் அங்குத் தேறி, சிகாகோவில் வேதப் பயிற்சி பெற்றார். ஆப்பிரிக்காவிற்கு ஊழியம் செய்யப் போக விழைந்து விண்ணப்பித்தார். கறுப்பினத்தாருக்கு அங்கு இடமில்லையென்று விடை வந்தது! ஆப்பிரிக்கரின் சந்ததியாரை ஆப்பிரிக்காவிற்கு அனுப்ப மறுத்த விந்தையை என்னென்பது? ஏமாற்றத்துடன் திரும்பியவர், அகஸ்டாவில் லூசி லேனி அம்மையார் நடத்திய பாடசாலையில் ஆசிரியை ஆனார். 1898இல் ஆல்பர்ட்டஸ் பெத்தூன் என்பவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். இல்வாழ்க்கை நீடிக்கவில்லை; சில ஆண்டுகளில் கணவர் பிரிந்து சென்றார்.

1904ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், புளோரிடா மாகாணத்து டேட்டோனா நகரில் அம்மையார் பெண்கள் பாடசாலையொன்றைத் திறந்தார். கையிருப்பு ஒன்றரை டாலர், வீட்டு வாடகையோ மாதம் 11 டாலர், மாணவியர் ஐவர். சரக்குப் பெட்டிகளே நாற்காலிகள். கரிந்த மரச்சிராய்களே எழுதுகோல்கள். காட்டுப் பழச்சாறே மை. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும் ஐஸ்கிரீமும் செய்து, ரயில்பாதை போட வந்த கூலியாட்களுக்கு விற்று, அப்பணத்தில் 5 டாலரை முன்பணமாகக் கொடுத்து, 250 டாலர் விலையில் நகரத்தார் குப்பை கொட்டிய நிலத்தை வாங்கினார். 1907இல் அதன்மீது கட்டடம் எழுந்தது. அதற்கு விசுவாச மண்டபம் என்று பெயரிட்டனர்.

குளிர்காலத்தில் டேட்டோனாவுக்கு வரும் தனவந்தரையும் அம்மையார் விட்டுவைக்கவில்லை. சோப்பு வியாபாரி ஜேம்ஸ் காம்பிள் தரும சபைக்குத் தலைவரானார். தையல் இயந்திர முதலாளியாகிய தாமஸ் ஒயிட் ஒருநாள் வந்து, பழுதுபட்ட தையல் இயந்திரத்தோடு பெண்கள் போராடுவதைப் பார்த்துப் புதியதொன்றைக் கொணர்ந்து தந்தார். சமையலும் தையலும் முதலிற் கற்பித்தது இத்தகைய செல்வரின் மனத்திற்கு ஒப்பவே என்று குறை கூறினோர் உண்டு. அக்குறை முற்றும் பொய்யென்று நாம் கூறோம். ஆயினும் சமையற்கட்டோடு அவர் நின்றுவிடவில்லை. உயர்தரப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. நோயுற்ற மாணவியொருத்தியை வெள்ளையர் வைத்தியசாலையில் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தியதைக் கண்டு மனம் பொறாது, 1911இல் தனி வைத்தியசாலையும் நிறுவினார்.

தனவந்தர் பணம் பெற்றதனால் வாயடங்கியவர் அல்லர் என்பதற்கு ஒரு சான்று போதும். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது, கறுப்பினத்தாரை வாக்காளராகப் பதிவு செய்விக்க அம்மையார் முற்பட்டார். முகமூடியணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் இரவில் பாடசாலை வளாகத்துட் புகுந்து அச்சுறுத்தினர். அம்மையார் அவர்கள் எதிரே அசையாது நின்றார். பெண்கள் துதிப்பாடல் பாடினர். கூட்டம் கலைந்தது. தேர்தலன்று அவர்கள் திரளாகச் சென்று வாக்களித்தார்கள்.

1923இல் இப்பாடசாலை ஜாக்சன்வில் நகரத்துக் குக்மன் கலாசாலையுடன் இணைந்து இருபாலார்க்கும் உரியதாயிற்று. பணமுடை இதற்கொரு காரணம். பெண்களுக்கென்றே எழுந்த நிலையம் மாறியது சிலர்க்கு வருத்தமாகத் தோன்றலாம். இணையாதிருப்பின் இன்று அது பெத்தூன்-குக்மன் பல்கலைக்கழகமாக நிலைத்திருக்குமா என்பது ஐயமே.

1935இல் கறுப்பின மாதர் தேசியக் கவுன்சிலை நிறுவினார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில் தேசிய இளைஞர் நிர்வாகத்தில் கறுப்பினப் பிரிவின் தலைமைப் பதவி வகித்தார். அரசாங்கப் பணத்தினின்று கறுப்பின மாணவர்க்கெனத் தனி நிதி ஒதுக்குமாறு வாதாடிப் பெற்றார். நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் அதனால் கல்லூரியிலும் உயர்பட்டப் படிப்பிலும் உதவி பெற்றனர். தையற்காரி ஒருத்தியின் சேமிப்பால் படித்தவர் அரசாங்கத்தின் பணப்பெட்டியைத் திறப்பித்தார்.

1955ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் டேட்டோனாவில் தம் இல்லத்தில் காலமானார். உடல் கலாசாலை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 2022ஆம் ஆண்டில் புளோரிடா மாகாணத்தார் அவருடைய சலவைக்கல் உருவத்தை வாஷிங்டன் நகரத்துச் சட்டசபைக் கட்டடத்தின் சிலை மண்டபத்தில் நிறுத்தினர். அதற்கு இடம் தரும்பொருட்டு அங்கிருந்து அகற்றப்பட்டது, அடிமைத்தனத்தைக் காக்கப் போர்புரிந்த தென்னாட்டுப் படைத்தலைவர் எட்மண்ட் கர்பி ஸ்மித்தின் சிலை.