கண்ணின் இயல் கண்ட கெப்ளர்

ஐம்பொறிகளுள் கண்ணே சிறந்தது என்பர். ஆயினும், அக்கண் எவ்வாறு காண்கிறது என்பதை மக்கள் நெடுங்காலம் அறிந்திலர். கண்ணிலிருந்து புறப்படும் கதிர்கள் பொருள்களைத் தொடுவதாலேயே காட்சி உண்டாகிறது எனக் கிரேக்க அறிஞர் பலர் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று பிற்காலத்தில் அராபிய அறிஞர் இபன் அல் ஹைதம் நிறுவினார். புகுந்த ஒளி கண்ணுள் யாது செய்கிறது என்பதை விளக்கியவர், இளமையிலேயே பார்வை குன்றிய ஒருவர். அவரே ஜொகான்னஸ் கெப்ளர்.

கெப்ளர் 1571ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27ஆம் நாள், செருமானிய நாட்டிலுள்ள வைல் டெர் ஸ்டாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கூலிப்படை வீரர், குடும்பத்தைப் பேணாதவர். குழந்தைப் பருவத்தில் கெப்ளரைப் பெரியம்மை பற்றியது. உயிர் பிழைத்தார், ஆனால் பார்வை மங்கியது. தொலைவிலுள்ளவை தெளிவாகத் தோன்றா. ஒரு பொருளே பலவாகத் தோன்றுவதும் உண்டு. எனினும், 1577ஆம் ஆண்டில் அன்னையார் மேட்டு நிலத்திற்கு அழைத்துச் சென்று காட்டிய வால்மீன் அவர் உள்ளத்தில் நிலைத்து நின்றது.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்ற கெப்ளர், கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியரானார். 1600ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்குச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சிறு துளையின் வழியே கதிரவனின் உருவத்தை விழச்செய்து அவர் ஆராய்ந்தார். துளை எவ்வடிவில் இருப்பினும் கதிரவன் உருவம் வட்டமாகவே விழுவது ஏன் என்னும் வினா அறிஞர்களை நெடுங்காலம் மயக்கியிருந்தது.

கெப்ளர் ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்து, அதனை ஒளிதரும் பொருளாகக் கொண்டார். அதற்குக் கீழே பல மூலைகளையுடைய துளையிட்ட பலகையை அமைத்தார். புத்தகத்தின் ஒரு மூலையில் கட்டிய கயிற்றைத் துளையின் ஓரத்தைச் சுற்றித் தரைவரை இழுத்து, அது தொட்ட இடங்களைக் குறித்தார். துளையின் வடிவம் தரையில் அமைந்தது. பிற மூலைகளிலும் விளிம்புகளிலும் அவ்வாறே செய்யவே, அவ்வடிவங்கள் ஒன்றுகூடிப் புத்தகத்தின் வடிவமே புலனாயிற்று. ஒளி நேர்கோட்டில் செல்வதன் விளைவே இது எனத் தெளிந்தார்.

அவ்வாண்டிலேயே சமயப் பூசலால் கிராட்ஸ் நகரினின்றும் வெளியேற்றப்பட்ட அவர், பிராகு நகரை அடைந்து, வானியல் அறிஞர் டைக்கோ பிராகியிடம் பணியாற்றினார். 1601இல் டைக்கோ மறைந்தபின், பேரரசர் ரூடால்பின் கணித அறிஞரானார். 1604இல் ஒளியியல் பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

விழிவில்லையே காட்சியை உணர்கிறது என்பது பண்டை மருத்துவர் கொள்கை. விழித்திரையே உணரும் பகுதி என்று பாசெல் நகர மருத்துவர் பெலிக்ஸ் பிளாட்டர் 1583இல் எழுதியிருந்தார். கெப்ளர் அதனைக் கணிதத்தால் விளக்கினார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் விரிந்து வரும் கதிர்கள் பாவையின் வழியே புகுந்து, வளைந்து குவிந்து, விழித்திரையில் ஒரு புள்ளியில் சேர்கின்றன. இவ்வாறு அங்கே தலைகீழான உருவம் அமைகிறது. பின் ஏன் உலகம் நேராகத் தோன்றுகிறது? இவ்வினாவிற்குத் தம் கணிதம் விடை கூறாது என்பதை அவர் மறைக்கவில்லை. அதனைப் பிற அறிஞர்க்கு விட்டுவிட்டார்.

மூக்குக்கண்ணாடி அதற்கு முன்னரே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக வழக்கில் இருந்தது. அது பயன்படும் காரணம் விளங்காதிருந்தது. கிட்டப்பார்வை உடையோர்க்குக் கதிர்கள் விழித்திரையை எட்டுமுன்பே குவிகின்றன என்றும், குழிவில்லை அக்குறையைப் போக்குகிறது என்றும் கெப்ளர் காட்டினார்.

கெப்ளர் 1630ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் ரீகன்ஸ்பர்க் நகரில் மறைந்தார். போரில் அவரது கல்லறையும் அழிந்தது. எனினும், கண்ணாடி அணிந்து ஏடு படிக்கும் ஒவ்வொருவரிடத்தும் அவர் கண்ட உண்மை விளங்குகிறது. தம் குறையை எண்ணி வருந்தி ஓயாமல், காட்சியின் இயல்பையே ஆராய்ந்த அப்பெரியார், உலகிற்கு ஒரு புதிய கண்ணைத் திறந்து வைத்தார்.