சொல் தேடிய தையற்காரர் மகன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

அச்சத்தால் உடல் நடுங்குவதற்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய வினைச்சொல் இருந்தது. ‘அக்ரைஸ்’ என்பது அச்சொல். வெறும் பயம் அன்று. காணக்கூடாத ஒன்றைக் கண்டவன் நெஞ்சு பதறி, மயிர் கூச்செறிந்து, மெய் விதிர்விதிர்த்துப் போகிறானே, அந்த நிலையைக் குறித்த சொல். பழைய ஆங்கிலத்தில் பிறந்து, இடைக்காலத்தில் மக்கள் நாவில் நடமாடி, கவிஞர் சாசரின் காண்டர்பரிக் கதைகளில் நரக வேதனையைப் பேசும் இடத்திலும் புகுந்து, பின்னர் வழக்கொழிந்து போயிற்று. அதன் உறவுச் சொல்லான ‘கிரிஸ்லி’ மட்டும் கோரக் கொலைகளைப் பற்றிய செய்திகளில் இன்றும் உயிரோடு உலவுகிறது.

செத்துப்போன ஒரு சொல்லுக்கு யார் கணக்கு எழுதி வைப்பார்கள்? எழுதி வைத்தார் ஒருவர். அவர் பெயர் ஜேம்ஸ் மரே. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த முதல் வாரம், மணிக்கணக்கில் ஆங்கிலத்திலேயே பாடம் நடந்தபோது எனக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அந்த ‘அக்ரைஸ்’தான்! ஆங்கில அகராதி என்றால் கோட்டும் தொப்பியும் அணிந்த பெரிய இடத்துப் பிள்ளைகள் செய்த காரியம் என்று அப்போது எண்ணியிருந்தேன். நூலகத்தில் மரேயின் வரலாற்றைப் படித்த பிறகுதான் அந்த எண்ணம் கலைந்தது.

ஸ்காட்லாந்தின் தென்கோடியில், ஹாவிக் நகருக்கு அருகே டென்ஹோம் என்றொரு சிற்றூர். அங்கே 1837 பிப்ரவரி 7ஆம் நாள் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார் மரே. பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. மேலே படிக்க வைக்கப் பெற்றோரிடம் பணம் இல்லை, காரணம் அவ்வளவுதான். ஆனால் படிப்பு நிற்கவில்லை. கிடைத்த நூல்களை எல்லாம் படித்தார். மொழி மேல் மொழியாகத் தாமே கற்றார். பதினேழு வயதில் ஹாவிக்கில் ஆசிரியர். இருபது வயதில் அங்கேயே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியர். (இருபது வயது எனக்கும்தான் ஆகிறது. அதை இங்கே நினைவூட்டாமல் விட்டுவிடுவது நல்லது.)

வாழ்க்கை அவரை அவ்வளவு எளிதில் விட்டுவிடவில்லை. முதல் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. மனைவி மேகிக்குக் காசநோய். வடநாட்டுக் குளிர் ஆகாது என்பதால், நேசித்த ஆசிரியப் பணியை உதறிவிட்டு 1864இல் லண்டன் வந்து, ஒரு வங்கியில் எழுத்தராக உட்கார்ந்தார். வட்டிக் கணக்கும் பேரேடுமாகப் பகல் கழிந்தது. அடுத்த ஆண்டே மேகியும் மறைந்தார்.

1866இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதினார். தமக்குத் தெரிந்த மொழிகளை அதில் வரிசையாகக் குறித்திருந்தார். படித்தால் நமக்கு மூச்சு வாங்கும். வேலை கிடைக்கவில்லை! 1867இல் ஏடாவை மணந்தார். அந்த மணவிழாவில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற இளைஞர், பின்னாளில் தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவருக்கு மின்சாரத்தின் அரிச்சுவடியைச் சொல்லிக்கொடுத்தவரே மரேதான். அறிவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

1870இல் லண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியரானார். 1873இல், முப்பத்தாறு வயதில், லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். கல்லூரி வகுப்பில் அமராமலே எழுதித் தேறிய பட்டம் அது.

1879இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்துடன் ஒப்பந்தம் ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் நான்கு தொகுதிகள் என்பது திட்டம். பள்ளி வளாகத்தில் ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. ‘ஸ்கிரிப்டோரியம்’ என்று அதற்குப் பெயர் சூட்டினார். அதற்கு முன் இருபது ஆண்டுகளாகப் பலரும் சேர்த்து வைத்திருந்த சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. ஏறத்தாழ இரண்டு டன். ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் உயிருள்ள எலிக் குடும்பம்!

சீட்டு என்றால் என்ன? பழைய நூலைப் படிப்பவர் ஒரு சொல்லைக் கண்டால், அந்தச் சொல், அது வந்த வரி, நூலின் பெயர், ஆண்டு எல்லாவற்றையும் சிறு தாளில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், அது எந்நூற்றாண்டில் பிறந்தது, எங்கே பொருள் திரும்பியது, எப்போது மாய்ந்தது என்று அதன் சாதகமே கையில் கிடைத்துவிடும். வழக்கொழிந்த சொல்லின் தலைமாட்டில் ஒரு சிறு குத்துவாள் குறி இடப்படும். 1884 பிப்ரவரியில் 352 பக்கங்களுடன் முதல் பகுதி வெளிவந்தது. ‘ஏ’ என்ற எழுத்திலிருந்து எறும்பைக் குறிக்கும் ‘ஆன்ட்’ வரை, அவ்வளவே. ‘அக்ரைஸ்’ அந்த முதல் பகுதியிலேயே இடம்பெற்றுவிட்டது. பத்தாண்டில் பாதி போயிருந்தது. முதல் எழுத்தே இன்னும் முடியவில்லை. எண்ணிப் பார்த்திருந்தால் மரேக்கும் மெய் நடுங்கியிருக்கும்.

1885இல் குடும்பத்தோடு ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தார். பான்பரி சாலையில், வீட்டுத் தோட்டத்தில், மறுபடியும் ஒரு தகரக் கொட்டகை. அண்டை வீட்டாரின் பார்வையை மறைக்கக் கூடாதென்று அதைப் பள்ளம் தோண்டித் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கினார்கள். ஈரமும் குளிரும் சொல்லி மாளாது. ஏடா பெற்ற பதினொரு பிள்ளைகளும் சீட்டு அடுக்கித்தான் கைச்செலவுக்குக் காசு சம்பாதித்தார்கள்.

சீட்டு அனுப்பியவர்களுள் ஒருவரைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. வில்லியம் மைனர், அமெரிக்கப் படை மருத்துவர். இரவில் யாரோ அறைக்குள் புகுந்து தம்மை வதைக்க வருவதாக ஓயாத அச்சம் அவருக்கு. அந்த அச்சத்தின் வெறியில், 1872இல் லண்டன் லாம்பெத் பகுதியில், விடியற்காலை வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஓர் ஏழைத் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றுவிட்டார். பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைத்தார்கள். இரவெல்லாம் நடுங்கிய அந்த மனிதர், பகலெல்லாம் பழைய நூல்களைப் புரட்டி ஆயிரக்கணக்கில் சீட்டுகள் எழுதி அனுப்பினார். ‘அக்ரைஸ்’ என்ற சொல்லின் பொருளை அகராதி பார்க்காமலே அறிந்தவர் அவர். நேரில் போன பிறகுதான் அவர் ஒரு கைதி என்று மரே கண்டு திகைத்ததாக ஒரு கதை உண்டு. கதை சுவையானது, ஆனால் உண்மையன்று. செய்தி முன்பே தெரிந்துதான் 1891இல் மரே அங்கே சென்றார். கொலைகாரர் என்று அருவருக்கவில்லை. பைத்தியக்காரர் என்று ஒதுக்கவில்லை. பலமுறை போய்ப் பேசியிருந்தார். 1910இல் மைனரைத் தாய்நாட்டுக்கு அனுப்ப அரசு இசைந்தபோது வழியனுப்பவும் சென்றார்.

மரேயிடமும் தவறு நேராமலில்லை. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப்போய், அச்சொல் இல்லாமலே அத்தொகுதி அச்சேறிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின்புதான் தெரிந்தது.

1908இல் ‘சர்’ பட்டம் வந்தது. 1914இல்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தன் கௌரவ டாக்டர் பட்டத்தை அவருக்கு வழங்கிற்று. அந்த ஊரில் குடியேறி அதற்குள் இருபத்தொன்பது ஆண்டுகள் ஓடிவிட்டன! 1915 ஜூலை 26ஆம் நாள் மரே காலமானார். எழுபத்தெட்டு வயது. அகராதியில் ஏறத்தாழப் பாதி அவர் கைப்பட்டது. ‘டி’ என்ற எழுத்தின் கடைசிப் பகுதி மேசைமேல் இருந்தது. மற்றவர்கள் அதைத் தொடர்ந்து செய்தார்கள். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுடன் அகராதி நிறைவுற்ற ஆண்டு 1928.