குடிகளை எண்ணிய பெருமகன்

பேசாலையில் நாம் ஆசிரியராயிருந்த நாட்களில், தேர்தல் வந்தபொழுதெல்லாம் வாக்குச் சாவடியில் எழுதுவினைஞர் கடமை எமக்கு வந்து சேரும். மன்னார்த் தீவின் வடகரையிலுள்ள அவ்வூர் மக்கள் கடலை நம்பி வாழ்பவர், கத்தோலிக்க மதத்தினர். விடியுமுன் கடலுக்குப் போய் மீண்டவர்கள், முழுகி, தோய்த்து உலர்ந்த வேட்டி உடுத்து, வெற்றி மாதா கோவிலுக்குப் போவார் போன்ற அமைதியுடன் வரிசையில் நிற்பார்கள். ஒருமுறை முதியவள் ஒருத்தி வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டியில் இட்ட பின்னும் அப்பாற் போகாது நின்று, தன் பெயரை அந்த இடாப்பில் எழுதி வைத்தவர் யார், எதற்காக எழுதினார் என்று எம்மைக் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கியமையால் ஏதோ ஒரு விடை சொல்லி அவளை அனுப்பினோம். விடை எமக்கே திருப்தி தரவில்லை.

அரசு தன் குடிகளின் பெயரை எழுதிக்கொள்வது மிகப் பழைய வழக்கம். வரி வாங்கவும், வேலை வாங்கவும், களவைக் கண்டுபிடிக்கவும் அது வேண்டும். எழுதப்பட்ட அக்குடியினிடம் சென்று, எம்மை ஆள உனக்குச் சம்மதமா என்று அரசு கேட்பது அண்மைக் கால வழக்கம். இலங்கையிலே முதற் கருமத்தை வெகு திறமையாகச் செய்து முடித்து, அதன்பின் இரண்டாவது கருமத்துக்காகத் தம் முதுமையைச் செலவிட்டவர் ஒருவர் உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களே அவர். அவருடைய தமையனார் இராமநாத வள்ளலின் புகழ் எம் கல்லூரி வட்டாரங்களில் ஓங்கி ஒலிப்பது. தம்பியாரின் வரலாறு அத்துணை பேசப்படுவதில்லை. எனவே இம்மலருக்கு அதனையே எழுதத் துணிந்தோம்.

அருணாசலம் அவர்கள் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுரர் ஆலயத்தை எடுப்பித்த சிவபக்தர். தாய்வழிப் பாட்டனார் குமாரசுவாமி முதலியார் சட்டநிரூபண சபையில் தமிழருக்கு முதன்முதல் அமர்ந்தவர். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமியும் அங்கே இருந்தார். பின்னர் தமையன்மாரான இராமநாதனும் குமாரசுவாமியும் இருந்தார்கள். ஒரு குடும்பத்திலே இத்தனை பேர் தமிழர் பிரதிநிதிகளாயிருந்தது எமக்குப் பெருமையே. ஆனால் அவர்களை அவ்வாசனத்தில் இருத்தியவர் தேசாதிபதி என்பதையும் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனோ, மட்டக்களப்பு வேளாளனோ, பேசாலை மீனவனோ அவர்களில் ஒருவரையேனும் தெரிந்தெடுத்தானல்லன். அந்தணர்க்குப் பூசை முறை வருவது போல ஆசனம் அக்குடும்பத்தில் முறை முறையாய் வந்தது. அருணாசலம் வளர்ந்த வீடு அத்தகையது.

பின்னாளில் றோயல் கல்லூரி எனப் பெயர் பெற்ற கொழும்பு அக்கடமியிலே கற்று, 1870இல் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே கிறைஸ்ட் கல்லூரியில் இலக்கியமும் கணிதமும் பயின்றார். எட்வேர்ட் கார்ப்பென்றர் என்னும் ஆங்கில அறிஞர் அங்கே அவருக்கு நண்பரானார். அந்நட்பு இறுதிவரை நிலைத்தது. சட்டமும் கற்றுத் தேறி, போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையராய் 1875இல் நாடு திரும்பினார். அன்றிலிருந்து 38 ஆண்டுகள் அரசாங்க உத்தியோகம். நீதிபதியாகப் பல ஊர்களில் இருந்தார். தேசாதிபதி ஆதர் கோர்டன் அவருடைய தகுதியைக் கண்டு, மூத்த வெள்ளையர் பலரைக் கடந்து அவரை உயர்த்தியபோது முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுத்தவர்களின் பெயர்களை இன்று எவரும் அறியார்.

பதிவாளர் நாயகமாக அவர் ஆற்றிய பணியே எம் கருத்துக்கு முக்கியமானது. பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி ஆகிய யாவும் அந்த இலாகாவின் பொறுப்பு. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இலேயே சட்டப்படி தொடங்கியதெனினும், கட்டளை ஒன்று, நடப்பு வேறு. பேசாலை போன்ற ஊர்களிலே ஞானஸ்நானப் புத்தகத்தைச் சனங்கள் நம்பியது போல அரசாங்கப் புத்தகத்தை நம்பினாரல்லர். அந்த நம்பிக்கை எளிதில் வருவதன்று. ஏழை ஒருவன் தன் பனந்தோப்பின் உறுதியைப் பதிவு கந்தோரிற் கொடுத்துவிட்டு வீடு திரும்பி நிம்மதியாக உறங்க வேண்டுமாயின், அப்புத்தகத்தில் எவனும் கை வைக்க மாட்டான் என்ற உறுதி அவனுக்கு வேண்டும். அருணாசலம் அவர்கள் இலாகாவை ஒழுங்குபடுத்தி அவ்வுறுதியைத் தேடினார். நேர்மையான நிருவாகம் குடிகளின் இணக்கத்தைப் பெறும் என்று அக்காலத்தில் அவர் முழுமனதாய் நம்பியிருத்தல் வேண்டும்.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பும் அவர் கையிலேயே ஒப்படைக்கப்பட்டது. 1871 தொடக்கம் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த கருமம் அது. வீடுதோறும் இலக்கமிட்டு, விதானைமாரையும் எழுதத் தெரிந்தாரையும் கூட்டி, காட்டிலும் கடற்கரையிலும் தோட்டத்து லயன்களிலும் உள்ளோரை ஒருவரும் விடுபடாமலும் இருமுறை எழுதப்படாமலும் கணக்கிடுதல் எளிதான செயலா? தொகை ஏறத்தாழ 35 லட்சத்து 66 ஆயிரம் என வந்தது. வேறொருவராயின் தொகைகளை அடுக்கி அனுப்பிவிட்டு ஓய்ந்திருப்பார். அருணாசலம் அவர்களோ இந்நாட்டு மக்களின் வரலாறு, மொழி, சமயம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் அறிக்கையிலே விரித்து எழுதினார். அறிஞர் இன்றும் அதனைத் தேடிப் படிக்கிறார்கள். குடிகளைத் தலைகளாக மட்டும் எண்ணாமல் மனிதராக எண்ணியவர் என்று அதனாற் கூறுகிறோம்.

ஆனால் அந்த 35 லட்சத்தில் ஒருவருக்கேனும் சட்டநிரூபண சபைக்கு ஆள் தெரியும் உரிமை வாக்கினால் இருக்கவில்லை. பத்தாண்டு கழித்து 1911இலே படித்த இலங்கையருக்கென ஓர் ஆசனம் வந்தது. அதற்கு வாக்காளர் நாடு முழுவதிலும் சுமார் 3,000 பேர். அத்தேர்தலில் இராமநாதன் வென்றார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து ஒரு தமிழரைத் தெரிந்தார்கள் என்று இன்றும் மேடைகளிலே சொல்லக் கேட்கிறோம். உண்மைதான், ஆயினும் சிங்கள வாக்காளரிடையே சாதிப் பிணக்கும் அதில் விளையாடியது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் மறைக்கவில்லை.

1913இல் அவர் ஓய்வு பெற்றார். நிருவாக சபையிலும் அங்கத்துவம் வகித்துச் சேர் பட்டமும் பெற்றவர், கறுவாத்தோட்டத்து மாளிகையில் திருவாசகம் ஓதியும் மொழிபெயர்த்தும் நாளைக் கழித்திருந்தால் எவரும் குறை கூறார். 1915இலே ஏழைகளின் நலத்துக்காகச் சமூக சேவைக் கழகம் ஒன்றை நிறுவினார். அவ்வாண்டே சிங்கள முஸ்லிம் கலகம் மூண்டது. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. தலைவர்கள் பலர் விசாரணையின்றி மறியலில் அடைக்கப்பட்டார்கள். ஹென்றி பெதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ மன்றின் தீர்ப்பினாற் சுடப்பட்டார். ஒழுங்காகப் பதிவேடு வைத்திருந்த அரசாங்கந்தான் இவ்வளவையும் செய்தது. எந்த அதிகாரியும் குடிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1917 ஏப்பிரல் 2ஆந் திகதி அருணாசலம் அவர்கள் எமது அரசியல் தேவைகள் என்னும் பொருள்பற்றிக் கொழும்பிலே பேருரை ஆற்றினார். நல்லாட்சி எத்துணை நன்றாயினும் தன்னாட்சிக்கு ஈடாகாது, ஆளுவோர் ஆளப்படுவோருக்குப் பொறுப்புடையராதல் வேண்டும் என்பதே அதன் சாரம். ஆயுள் முழுவதும் அந்த அரசாங்கத்தின் உள்ளிருந்து உழைத்தவர் வாயிலிருந்து இது வந்தமையால் நாடு செவி சாய்த்தது. அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் தோன்றியது. 1919 டிசெம்பர் 11ஆந் திகதி பல சங்கங்களும் கூடி இலங்கைத் தேசிய காங்கிரஸ் ஆயின. முதற் தலைவர் அவரே.

காங்கிரஸ் பிறந்த வரலாற்றில் ஒரு கடிதம் உண்டு. தொகுதிவாரிப் பிரதிநிதித்துவம் வந்தால் எண்ணிக்கையிற் சிறியவரான தமிழர் அமிழ்ந்து போவர் என யாழ்ப்பாணச் சங்கத்தார் அஞ்சினார்கள். அவ்வச்சத்தைத் தீர்க்கும்பொருட்டு 1918 டிசெம்பரிலே ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம என்னும் சிங்களத் தலைவர் இருவர் அருணாசலத்துக்கு எழுத்தில் வாக்களித்தனர். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பதாக அதிற் கூறினார்கள். அக்கடிதத்தைக் கையிற் கொண்டு அவர் யாழ்ப்பாணத்தாரை இசைவித்தார். 1921இல் புதிய சபைக்குத் தேர்தல் வந்தபோது அவ்வாசனம் ஒதுக்கப்படவில்லை. கொழும்பு நகர ஆசனம் ஜேம்ஸ் பீரிஸுக்கே சென்றது. அருணாசலம் அவர்கள் தாம் பெற்ற பிள்ளையான காங்கிரஸை விட்டு வெளியேறினார்.

இதிலே குற்றம் எவர்மீது? இனவாரி ஆசனம் தொகுதிக் கொள்கைக்கு மாறானது என்று மற்றைய தரப்பார் வாதித்தார்கள். அக்கொள்கையை மேடையேற்றியவர் அருணாசலமே ஆதலின் அவ்வாதத்தில் ஒரு கூர்மை இல்லாமலில்லை. மேலும் அக்கடிதம் காங்கிரஸ் தோன்றுவதற்கு ஓராண்டு முன்னர் இருவர் எழுதியது. இருவரின் கையெழுத்தை ஓர் இனத்தின் கையெழுத்தாக அவர் எடுத்துக்கொண்டார் என்றே நாம் நினைக்கிறோம். வாழ்நாளெல்லாம் உறுதிகளைப் பதிவு செய்வித்தவர், இந்த ஓர் உறுதியைப் பதிவின்றி ஏற்றுக்கொண்டார்! எனினும் அவர் பிழைத்தது நம்பியதனால். மற்றவர் பிழைத்தது நம்பிக்கையைக் காவாததனால். இரண்டையும் ஒரே தராசில் வைத்தல் எமக்கு உடன்பாடன்று. பெரும்பான்மை வாக்கினால் அமையும் ஆட்சியைச் சிறுபான்மை தன் ஆட்சி என ஏற்பதற்குச் சட்டத்துக்கு மேலாக ஒன்று வேண்டும். அது அவ்வாண்டிலே உடைந்தது. 1923இல் அவர் இலங்கைத் தமிழர் கழகத்தை நிறுவினார்.

அவர் ஈடுபட்ட மற்றொரு கருமம் மன்னார்க்கரையோடு தொடர்புடையது. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் நெடுங்காலம் இக்கரையிலே தோணியால் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். வழியில் வாந்திபேதிக்கு இரையானோர் எண்ணிலர். 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தபின் அவர்கள் பேசாலையூடாக வண்டியிற் சென்றார்கள். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டவனை மறியலுக்கு அனுப்பச் சட்டம் இடங்கொடுத்தது. துண்டு என்பதோ, தொழிலாளியின் கடன்தொகை எழுதிய சீட்டு. அக்கடனை ஏற்கும் துரையிடம் மாத்திரமே அவன் போகலாம். அருணாசலம் அவர்கள் 1919இலே பெரி. சுந்தரம் முதலியோரோடு தொழிலாளர் நலக் கழகம் அமைத்து இக்கொடுமைகளை எதிர்த்தார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. தம் குடிசன மதிப்பிலே எண்ணிய மனிதரை அவர் மறக்கவில்லை.

1924 ஜனவரி 9ஆந் திகதி, தென்னாட்டுத் தலயாத்திரையின்போது மதுரையிலே அவர் சிவபதமடைந்தார். வயது எழுபது.

அந்த ஆண்டு வாக்குரிமை பெற்றிருந்தோர் நூற்றுக்கு நால்வர் அளவினரே. 1931இலே டொனமூர்த் திட்டத்தால் இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. இராமநாதன் அதனை இறுதிவரை எதிர்த்து, எழுபத்தொன்பது வயதில் இலண்டன் சென்று வாதாடி, 1930 நவம்பரில் மறைந்தார். எம் யாழ்ப்பாணத்து இளைஞரோ, பூரண சுயராச்சியம் தராத திட்டம் என 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கிலே நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. மன்னார் முல்லைத்தீவுத் தொகுதி அதிற் சேரவில்லை. பேசாலைக் கிழவியின் தாயாருக்கும் அவ்வாண்டிலேதான் அவ்வுரிமை வந்தது.

தோட்டத் தொழிலாளருக்கு நேர்ந்ததோ வேறு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அவர்களிற் பெரும்பாலோரை இடாப்பிலிருந்து நீக்கின. 1964 ஒக்டோபரில் இரு பிரதம மந்திரிகள் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. தொகை எழுதப்பட்டது, எழுதப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. அவர்களைச் சுமந்த புகையிரதங்கள் பேசாலையைக் கடந்தே தலைமன்னார்த் துறைக்குச் சென்றன. மலைநாட்டார் அவற்றை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். பேசாலை முதியோர் சிலருக்கு அவ்வழுகையொலி இன்னும் நினைவிலுண்டு. எஞ்சியோருக்கு வழியமைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

கொழும்பு காலிமுகத்திடலருகே, 1930 முதல் 1982 வரை நாட்டின் சட்டசபைகள் கூடிய பழைய பாராளுமன்றக் கட்டட வளவிலே அருணாசலம் அவர்களின் சிலை நிற்கிறது. அக்கட்டடத்தில் இருந்த அங்கத்தவர் அனைவரும் ஏதோ ஒரு தேர்தலிலோ நியமனத்திலோ வந்து அமர்ந்தவர்கள். குடிகளின் வாக்கினால் எந்தச் சபையிலும் ஒருநாளும் அமராதவர் வெளியே நிற்கிறார்.